இருபத்தைந்துக்கு மேல் போகாத வண்டி

ஜூன் 30, ஞாயிறு

வண்டிக் கடைக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து தலைவலி. கடையா அது? கண்ணாடிச் சுவருக்குள் ஏசியைப் போட்டு, வாசனைத் தண்ணீர் தெளித்து, கல்யாண மண்டபம் மாதிரி வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பெண் ரோஜாப்பூ கொடுத்தாள். பைக் பார்க்க வந்தவனுக்கு எதற்கு ரோஜாப்பூ? வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அது கசங்கிச் சட்டையில் கறையாகிவிட்டது.

விற்கிறவன் டை கட்டியிருந்தான். மோட்டார் எத்தனை வாட் என்று கேட்டேன். "சார், இது ஒரு லைஃப்ஸ்டைல் சார்" என்றான். நான் இருபத்தாறு வருடமாகப் பீளமேட்டில் மோட்டார் கம்பெனியில் இருக்கிறவன். முதல் பன்னிரண்டு வருடம் வைண்டிங்கில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றியவன். ஒரு நாளைக்கு நூறு மோட்டாரை ஓடவிட்டுக் கேட்டு, சரியில்லாததன் மேல் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்குவதுதான் இப்போது என் வேலை. என்னிடம் வந்து லைஃப்ஸ்டைல் என்கிறான். கையில் பிரஷ் இருந்திருந்தால் அவன் டையில் ஒரு கோடு இழுத்திருப்பேன்.

வண்டி என் மனைவி மரகதமணிக்கு. காந்திபுரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறாள். காலை ஏழே முக்காலுக்கு அங்கே இருக்க வேண்டும். சின்னவேடம்பட்டியிலிருந்து ஏழு கிலோமீட்டர். இதுவரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். இனிமேல் தானே போகப் போகிறாளாம். காலையிலேயே பின்னால் உட்கார்ந்து என் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு வர முடியவில்லையாம்.

கடையில் இரண்டு எலெக்ட்ரிக் வண்டி காட்டினான். ஒன்று எழுபதில் போகும். விறைப்பான சீட், நல்ல பிரேக், மோட்டாரும் ஒழுங்கானது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். இன்னொன்று தாழ்வாக, அகலமாக, முதுகுக்குச் சாய்மானம் வைத்து, மெத்தை மாதிரி ஒரு சீட்டோடு இருந்தது. இருபத்தைந்துக்கு மேல் போகாது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். பார்த்தவுடனே எனக்குக் குமட்டியது. மணி அதில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கவே இல்லை.

"ஏனுங், காலு ரெண்டும் முழுசா ஊனுதுங்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஜூலை 2, செவ்வாய்

தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் அந்த மெல்லப் போறதையே எடுத்துக்கறனுங்."

"மணி, அது வண்டியே இல்ல. சோபாவுக்குச் சக்கரம் வெச்சிருக்கறாங்க."

"சோபாவாவே இருக்கட்டும். நான் என்ன ரேசுக்கா போறேன்?"

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் புள்ளைங்கல்லாம் காலேஜுக்குப் போயிரும்."

சிரித்தாள். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வெசையாப் போற வண்டின்னா கை நடுங்குதுங். இதுல முழுசாத் திருகினாலும் இருபத்தஞ்சுதான். அது தெரிஞ்சாப் போதும், தைரியமா ஓட்டிப்போடுவேன்."

ஏற்கெனவே இரண்டு முறை லைசென்சுக்குப் போனாள். எட்டுப் போடச் சொன்னபோது இரண்டு முறையும் பாதியில் காலை ஊன்றிவிட்டாள். முதல் முறை நான் சுவரோரம் நின்று பார்த்தேன். இரண்டாம் முறை பார்க்கவில்லை, போய் டீ குடித்தேன். நான் போனதை அவள் கவனித்திருக்க மாட்டாள்.

அவள் சம்பளத்தில் வாங்குகிறாள், எனவே நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். அதைப் பற்றி எழுதவும் ஒன்றும் இல்லை. காப்பகத்தில் சேர்ந்த நாளிலிருந்து சமையலறையில் பாடுகிறாள். எல்லாம் யானை, ஒட்டகம், வாத்து. சகிக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சோபா வந்துவிட்டது. பிஸ்தா பச்சை நிறம். பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மற்றவர்கள் வண்டி ஏறினால் பழம் சட்டென்று நசுங்கும். இது ஏறி, யோசித்து, பிறகு நசுக்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை.

ஓடுகிற சத்தமும் கிடையாது. சத்தம் வராத மோட்டாரை எப்படி நம்புவது?

ஜூலை 10, புதன்

இன்று ஒரு தெருநாய் அவளைத் துரத்தவில்லையாம், கூடவே நடந்து வந்ததாம். சந்தோஷமாகச் சொல்கிறாள். வெட்கமே இல்லை.

ஜூலை 12, வெள்ளி

கணபதி வரை இருவருக்கும் ஒரே வழி. இன்று அவளுக்குத் தெரியாமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன். போயிருக்கக் கூடாது.

சத்தி ரோட்டில் எல்லாரும் அவளை முந்துகிறார்கள். பஸ், கார், ஆட்டோ முந்தட்டும், பரவாயில்லை. இரண்டு கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒரு மொபெட் முந்தியது. பால் கேன்காரர் முந்தினார். அவர் வேட்டி நுனி பறந்து மணியின் கைப்பிடியில் பட்டது. கடைசியில், யூனிஃபார்ம் போட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து முந்திக்கொண்டு போனாள். மணி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிக்கிறாள். ரோட்டோரம் நடந்துபோகிற ஒரு அம்மாளிடம் பேச்சு வேறு கொடுத்துக்கொண்டு போகிறாள்.

பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான், கையை நீட்டி ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது. என் காது பொசுங்கிவிட்டது. கம்பெனிக்குப் போய் முதல் பதினேழு மோட்டாரில் ஒன்பதை ஒதுக்கினேன். சூப்பர்வைசர் வந்து, "என்னங்க சண்முகவடிவேலு, இன்னைக்கு என்ன கோவம்?" என்றார்.

ஜூலை 18, வியாழன்

மழை. மணி காப்பகத்துக்கு எட்டு நிமிடம் தாமதமாகப் போயிருக்கிறாள். காப்பகம் நடத்தும் ரோஸ்லின் டீச்சர், "கொஞ்சம் முன்னாடியே கெளம்பிருங்க மணி" என்று சொன்னாராம், அவ்வளவுதான். மணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளையிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பப் போகிறாளாம்.

கிளம்புவாளாம். வேலை போகப் போகிறது, அப்போது தெரியும்.

ஜூலை 20, சனி

டீக்கடையில் ஞானசேகர். எங்கள் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறவன். எல்லார் முன்னாலும் சொல்கிறான்: "உங்க ஊட்டுக்காரம்மாவ நேத்துப் பாத்தனுங். நடந்து போறவங்களுக்கு வழி உட்டுட்டுப் போறாங்க. நல்ல மரியாதைங்க." கூட இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவன் பல்லில் வடைத்துணுக்கு ஒட்டியிருந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மோட்டாரால் நாற்பது போக முடியும் என்றால் அதை இருபத்தைந்தில் கட்டி வைப்பது என்ன நியாயம்? நல்ல மோட்டாரை அவமானப்படுத்துவது அது.

ஜூலை 21, ஞாயிறு

மணியின் வண்டியைக் கழுவினேன். டயருக்குக் காற்று அடித்தேன். பிரேக்கைப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் தூசி இருந்தது, துடைத்தேன். வேறொன்றும் இல்லை. மதியம் கொள்ளுப் பருப்பு, கத்திரிக்காய்ப் பொரியல்.

ஜூலை 22, திங்கள்

சாயங்காலம் வந்ததும், "ஏனுங், வண்டிய என்ன பண்ணுனீங்க? பறக்குது" என்றாள்.

"காத்துக் கம்மியா இருந்துச்சு. பிரேக்கும் கொஞ்சம் புடிச்சுட்டு இருந்துச்சு. தளர்த்தி உட்டேன்."

"அவ்வளவுதானா?"

"பின்ன? ஒழுங்காப் பராமரிச்சா எல்லா வண்டியும் நல்லாத்தான் போகும்."

ஏழு நிமிடம் முன்னதாகப் போய்விட்டாளாம். ரோஸ்லின் டீச்சர் இன்னும் கேட்டைக்கூடத் திறக்கவில்லையாம்.

ஜூலை 25, வியாழன்

ஞானசேகர் இன்று ஒன்றும் சொல்லவில்லை.

மணி கேட்டாள்: "இது பழையபடி கொஞ்சம் மெல்லப் போற மாதிரி பண்ண முடியுங்களா? திருகினா விசுக்குன்னு போகுது."

"பழகிரும்" என்றேன்.

"முன்னெல்லாம் முழுசாத் திருகிட்டு நிம்மதியாப் போவேன்."

"இப்பவும் அப்படியே போ. அதேதான வண்டி?" என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி, காலை

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆறேகாலுக்கு ஃபோன் வந்தது. காப்பகத்தில் மகிழினி என்று மூன்று வயதுக் குழந்தை. அதன் அம்மா ஹேமலதா பக்கத்துத் தெரு பேங்கில் வேலை. அங்கே ஆடிட் என்பதால் ஆறு மணிக்கு வந்து குழந்தையைக் கூட்டிப்போக முடியவில்லை. நீங்களே கொண்டுவந்து விட முடியுமா என்று ரோஸ்லின் டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். மணி குழந்தையைத் தன் வண்டியில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போயிருக்கிறாள். பேங்குக்குத் திரும்பும் இடத்தில் சாக்கடை மூடி ரோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது. அதில் ஏறி, வண்டி சாய்ந்துவிட்டது.

மணிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. குழந்தைக்குத் தாடையில் மூன்று தையல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயிலும் சாம்பாரும் கலந்த வாடை. ஒருவன் சுவரில் வெற்றிலை எச்சில் துப்பி வைத்திருந்தான். ரோட்டை நினைத்தால் அதைவிட மோசம். ஒரு மூடியைச் சமமாகப் பதிக்கத் துப்பில்லாதவர்களிடம் ஊரைக் கொடுத்திருக்கிறோம். காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

மணி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். "முழுசாத் திருகினாலும் மெல்லத்தான போகும்னு இருந்தனுங். எப்படி இப்படிப் போச்சுன்னே தெரியல. எங் கைதான் சரியில்ல."

ஆகஸ்ட் 2, சாயங்காலம்

கையில் கட்டோடு, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், குழந்தையின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன்.

குழந்தை சோபாவில் படுத்திருந்தது. தாடையில் பஞ்சு. மணியைப் பார்த்ததும் "அத்தே" என்று கையை நீட்டியது. ஹேமலதா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மணி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்: "எம் மேலதாங்க தப்பு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியல. தெரியாம புள்ளைய ஏத்துனது எந் தப்புதாங்க. மன்னிச்சிருங்க." கும்பிடப் பார்த்தாள். ஒரு கை கட்டில் இருந்ததால் முடியவில்லை. இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

நான் வாசல் பக்கம் நின்றேன். அந்த வீட்டில் செருப்பு வைக்கும் அலமாரி வழியை அடைத்துக்கொண்டு இருக்கிறது. கொஞ்சமும் யோசனை இல்லாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

வண்டிக் கடைக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். வேக வண்டிக்கு மட்டும் நல்ல பிரேக் போடுவீர்கள், மெதுவாகப் போகிறவள் உயிர் உயிரில்லையா என்றேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். டை கட்டினவன்தான் எடுத்திருப்பான். "வண்டியை அனுப்புங்க சார், செக் பண்ணிரலாம்" என்றான்.

மணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அதுதாங்க சரி. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு அவங்களே பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

நாளைக்கு நானே போய், அன்றைக்கு யாரோ தள்ளிக்கொண்டுபோய்க் காப்பகத்து வாசலில் விட்ட வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்து, சீட்டுக்கு அடியில் ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போனேன். வண்டி அங்கே இல்லை. நேற்றே கடைக்காரன் வேன் அனுப்பித் தூக்கிப் போய்விட்டானாம். இதற்கு மட்டும் என்ன வேகம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ரோஸ்லின் டீச்சர் ஃபோனில் பேசினார். கை சரியாகும்வரை ஓய்வெடுக்கச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, பெற்றவர்கள் சிலர் கேட்கிறார்கள், மணி திரும்ப வருவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்றார்.

மணி, "சரிங்க டீச்சர்" என்றாள். வைத்துவிட்டுப் போய் உலர்ந்த துணியை ஒற்றைக் கையால் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நிற்கவில்லை. ஐந்து நாளாகச் சமையலறையில் பாட்டும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. நான் கேட்டது இதைத்தான். கிடைத்துவிட்டது, சனியன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கடைக்கு வரச் சொன்னார்கள். நீ வர வேண்டாம் என்றேன். மணி கேட்கவில்லை. ஆட்டோவில் போனோம்.

பின்பக்க ஷெட்டில் பிரமிளா என்று ஒரு மெக்கானிக். முப்பது வயது இருக்கும். கை நிறையக் கரி. அந்தக் கடையில் மோட்டார் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மற்ற நேரமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சீட்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து காட்டினாள். "இந்த ஒயர் ரெண்டும் சேந்திருந்தாத்தான் வண்டி இருபத்தஞ்சுல நிக்கும். யாரோ வெட்டிப் பிரிச்சிருக்காங்க. அதுக்குப் பொறகு இது வேற வண்டிங்க. வேகம் ஏறிரும், பிரேக் அதே பழைய பிரேக்தான், தாங்காது. சட்டப்படியும் தப்பு."

"எங்க ஊட்டுல யாரும்..." என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் ஒயரை வெளியே இழுத்துக் காட்டினாள். "ரோட்டோரக் கடையில வெட்டுனா சும்மா முறுக்கி டேப் சுத்தி உடுவாங்க. இதப் பாருங்க. ஸ்லீவ் குழாய் போட்டு, வார்னிஷ் தடவி, நூலுல வரிசையாக் கட்டி முடிச்சு. வைண்டிங் தெரிஞ்ச கைங்க. எங்க கடையிலேயே ஒருத்தருக்கும் இவ்வளவு சுத்தமா வராது."

அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

மணி குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தாள். எங்கள் வீட்டு மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றின் ஒயரிலும் அதே முடிச்சுதான். இருபத்துநாலு வருடமாக அவள் கையில் படுகிற முடிச்சு. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரமிளாவிடம் மட்டும் கேட்டாள்.

"அப்ப முழுசாத் திருகினா எவ்வளவு போகும்ங்க?"

"நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு போகுமுங்கக்கா."

"செரிங்க" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேசவில்லை. சாப்பாடு போட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

பேசவில்லை. ஜூலை 21 அன்று எழுதியதை எடுத்துப் படித்தேன். "வேறொன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். என் டயரி, என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. இதிலும் பொய் எழுத எனக்கு என்ன கேடு?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலை பதினொரு மணி இருக்கும். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒயர வெட்டுனது எனக்குக் கோவமில்லீங்" என்றாள். "உங்க புத்தி எனக்குத் தெரியாததா? மெல்லப் போற எதையும் உங்களுக்கு ஆகாது. என்னையும் சேத்துத்தான்."

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட நான் தலையக் குனிஞ்சுட்டு நின்னேன். எனக்கு ஓட்டத் தெரியலைன்னு என் வாயாலயே சொன்னேன். நீங்க வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தீங்க. பாத்துட்டு இருந்தீங்களா இல்லியா?"

"பாத்துட்டு இருந்தேன்."

"அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அங்க ஒரு நாளைக்குப் பதினோரு புள்ளைங்க என்னை அத்தேன்னு கூப்புடுதுங்க. அதயும் எடுத்துப் போட்டீங்க. எங் கைதான் சரியில்லைன்னு நானே நம்பிட்டேன் பாருங்க, அதுதான் எனக்கு ஆறல." எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் வார்னிஷ் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கம்பெனியில் ஒட்டியதாகக்கூட இருக்கலாம், அன்றைக்குத் தடவியது மூன்று வாரமாக எப்படி இருக்கும்? ஆனாலும் தோல் சிவக்கும்வரை தேய்த்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

லீவு சொல்லிவிட்டுக் காப்பகத்துக்குப் போனேன். அங்கே பெரியவர்கள் உட்கார நாற்காலியே இல்லை. ரோஸ்லின் டீச்சர் ஒரு சின்ன மஞ்சள் நாற்காலியைக் காட்டினார். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். நேராக விஷயத்தைச் சொன்னேன். ஒயரை வெட்டியது நான், மணிக்குத் தெரியாது, மெல்லப் போகிற மாதிரி பண்ணச் சொல்லி அவள் கேட்டும் நான் பண்ணவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் பண்ணீங்க?"

லேட்டாகிவிடுமே என்றுதான் என்று சொல்லத் தயாராக வந்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வேறு வந்தது.

"ரோட்டுல எல்லாரும் அவள முந்திட்டுப் போறதப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க."

"அவங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?"

"இல்லீங்க. அவ சந்தோஷமாத்தான் போயிட்டு இருந்தா."

டீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். உள்ளே ஒரு குழந்தை எதற்கோ அழுதது. பிறகு சொன்னார்: "நான் முடிவு பண்ற விஷயம் இல்ல இது. அந்த அம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க."

பேங்குக்குப் போனேன். ஹேமலதா கவுண்டருக்கு வெளியே வந்தாள். பாஸ்புக் பதிகிற மெஷின் பக்கத்தில், ஐந்தாறு பேர் காத்திருக்கிற இடத்தில் நின்று சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

முழுக்கக் கேட்டாள். முகம் சுருங்கியது. அழுகிப்போன எதையோ தெரியாமல் மிதித்துவிட்டவர்கள் முகம் அப்படித்தான் போகும்.

"உங்க வீட்டுக்காரம்மா என் முன்னாடி அப்படி நின்னாங்களே, நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

"ஆமாங்க."

"உங்களப் பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மெஷின் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

இந்த டயரி முழுக்க நான் எத்தனை பேரைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறேன். ஒருவரும் என்னிடம் திருப்பிச் சொன்னதில்லை. இன்று முதல் முறை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அவங்க மேல தப்பில்லைன்னா அவங்க வரட்டும். ரோஸ்லின்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா எந்தக் குழந்தையையும் வண்டியில ஏத்தக் கூடாது. நீங்க அந்தத் தெருப் பக்கமே வரக் கூடாது."

"செரிங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து மணியிடம் சொன்னேன். காரணத்தைத் தவிர எதையும் விடாமல் சொன்னேன், மஞ்சள் நாற்காலி உட்பட. கேட்டுவிட்டு, "எதுக்குப் பண்ணுனீங்கன்னு கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டாங்க."

"நெசத்தச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

சோறு போட எழுந்தாள். என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒயரை நானே சேர்த்துவிடுகிறேன் என்றேன். "நீங்க தொடாதீங்க" என்றாள். பிரமிளாதான் சேர்த்தாள். பற்ற வைத்ததில் ஈயம் கொஞ்சம் வழிந்திருக்கிறது, டேப் கோணல். கம்பெனியில் வந்திருந்தால் சிவப்புப் பெயிண்ட்தான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஞானசேகர் டீக்கடையில், "ஊட்டுக்காரம்மா வண்டியக் காணமுங்களே?" என்றான். ஒயரை வெட்டிய கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவன் மேல் எனக்கு இருந்த வெறுப்பில் பாதி அநியாயம். மீதிப் பாதி அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. ரப்பர் பந்தை அமுக்கிப் பழகச் சொன்னார்கள். ஞாயிறு காலை தெருவில் வண்டியை ஓட்டிப் பார்க்கப் போகிறாளாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாலு சுற்று. முதல் சுற்றில் காலைத் தூக்கவே இல்லை. நாலாவதில் தூக்கினாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெளியே வந்து நிற்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று வேலைக்குத் திரும்பினாள். ஏழு மணிக்கே கிளம்பினாள். நானும் கிளம்பினேன். கணபதி வரைதான், ஒரே வழிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்தடி பின்னால் போனேன். இருபத்தைந்தில் என் வண்டி போக மாட்டேன் என்கிறது. இரண்டாவது கியரில் உறுமுகிறது, குலுங்குகிறது, இரண்டு தடவை நின்றே போனது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எனக்கும் ஹாரன் அடித்தார்கள். ஆட்டோக்காரன் ஒருவன் என்னைப் பார்த்து, "ஏனுங், வண்டியத் தள்ளிட்டுப் போறீங்களா?" என்றான். அவன் வாயிலிருந்து பாக்கு நாற்றம் என் முகம் வரை வந்தது.

சத்தி ரோடு ஏறின இடத்திலேயே ஒரு மரத்தடியில் மணி ஓரம் கட்டி நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். கோபமாக இருக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. நெற்றியில் மட்டும் வியர்த்திருந்தது. வலது கையை உதறிக்கொண்டாள்.

"எதுக்குங் பின்னாடியே வர்றீங்க?"

"சும்மாதான். மொத நாளாச்சே."

"முந்திட்டுப் போங்க."

"பரவால்ல மணி, நேரமிருக்குது. கணபதி வரைக்கும்..."

"போங்கன்னாப் போங்க." கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க பின்னாடி வந்தா எனக்கு வெசையாப் போகோணும்னு தோணுது."

நான் வண்டியைக் கிளப்பினேன். மூன்றாவது கியர், நாலாவது கியர். இன்று சத்தி ரோட்டில் அவளை முதலில் முந்திப் போனவன் நான்தான்.